பார்படோஸ் தீவில் பதினொரு நாட்கள்

மேற்கிந்தியத் தீவுகள் என்னும் பெயர் நம்மில் பலருக்கு வானொலிப் பெட்டியின் வழியாகவே முதலில் அறிமுகமாயிற்று. என் தந்தையார் 1949ஆம் ஆண்டு ஜனவரியில் சேப்பாக்கம் மைதானத்தில் எவர்டன் வீக்ஸ் ஆடியதை நேரில் கண்டவர். அதற்கு முன் கிங்ஸ்டனிலும், டில்லியிலும், பம்பாயிலும், கல்கத்தாவில் இருமுறையுமாக வீக்ஸ் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் சதங்கள் அடித்திருந்தார். ஆறாவது சதம் சென்னையில்தான் என்று ஊரே எதிர்பார்த்திருந்தபோது, 90 ஓட்டங்களில் அவர் 'ரன் அவுட்' ஆனார். அந்தத் தீர்ப்புச் சரியா, தவறா என்று தந்தையார் தம் இறுதிக்காலம் வரை வாதிட்டு வந்தார். அந்த வீக்ஸ் பிறந்த மண்ணாகிய பார்படோஸ் தீவைக் காணும் வாய்ப்பு எனக்கு 2025ஆம் ஆண்டு தை மாதத்தில் கிட்டியது. கனடாவில் வாழும் எங்கள் மகளும் மாப்பிள்ளையும் அங்குள்ள பனிக்குத் தப்பிப் பதினொரு நாள் ஓய்வுக்குப் புறப்பட்டபோது, எங்கள் இருவரையும் உடன் வருமாறு வற்புறுத்தினர். டொராண்டோவிலிருந்து விமானத்தில் ஐந்து மணி நேரம். கம்பளி அங்கியோடு ஏறினோம்; இறங்கியபோது சென்னையின் மாசி மாத வெயில் எங்களை வரவேற்றது.

தீவின் பரப்பைச் சொன்னால் வாசகர்கள் வியப்படைவர். நீளம் 21 மைல். அகலம் 14 மைல். மொத்தம் 430 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 2,80,000. கரீபியத் தீவுகளுள் எல்லாவற்றுக்கும் கிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் தனித்து நிற்பது இது. அண்டைத் தீவுகள் பலவும் எரிமலைகளால் ஆனவை. இதுவோ பெரும்பாலும் பவளப் பாறையால் ஆயது. ஆதலால் மழைநீர் பாறையினூடே வடிகட்டப்பட்டு நிலத்தடியில் சேர்கிறது. குழாயில் வரும் நீரை அப்படியே பருகலாம். டில்லியிலிருந்து சென்றவர்களுக்கு இதனினும் பெரிய உல்லாசம் வேறென்ன வேண்டும்!

முதல் ஐந்து நாட்கள் மேற்குக் கரையில் ஓர் உயர்தர விடுதியில் தங்கினோம். அக்கரையைப் 'பிளாட்டினக் கரை' என்று அழைக்கின்றனர். தங்கம் என்று சொன்னால் மதிப்புக் குறைவு போலும். அலையே எழும்பாத கடல். மாவு போன்ற வெண்மணல். இக்கரைக்கு இந்தப் புகழைத் தேடித் தந்தவர் ரொனால்டு ட்ரீ என்னும் ஆங்கிலேயச் செல்வர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது தம் மாளிகையைச் சர்ச்சிலின் வார இறுதித் தங்கலுக்கு அளித்தவர். அவர் கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தை வாங்கி, பவளக் கல்லால் 'சாண்டி லேன்' என்னும் விடுதியை எழுப்பி 1961இல் திறந்தார். பிற்காலத்தில் லண்டனிலிருந்து 'கான்கார்டு' விமானம் நேரே இத்தீவுக்குப் பறந்து வந்தது. அவ்விமானங்களுள் ஒன்று இன்றும் விமான நிலையத்தின் அருகே நிற்கிறது. நாங்கள் சாண்டி லேனில் தங்கவில்லை. அதன் ஓரிரவு வாடகையில் என் ஓய்வூதியம் எத்தனை மாதத்தை விழுங்கும் என்று கணக்கிட முயன்று கைவிட்டேன். எங்கள் விடுதி அதற்குச் சில படிகள் கீழே. ஆயினும் எனக்கு அதுவே மிகுதியாகத் தோன்றியது.

இத்தகைய விடுதிகளில் பலவற்றில் 'எல்லாம் அடங்கியது' என்னும் முறை வழங்குகிறது. அறை, உணவு, மது, படகு விளையாட்டு யாவற்றுக்கும் ஊரிலிருந்தே பணம் கட்டிவிட வேண்டும். வந்திறங்கியதும் கையில் ஒரு பட்டையைக் கட்டுகிறார்கள். அதன்பின் பணப்பைக்கு வேலையில்லை. காலையில் பப்பாளியும் மாம்பழமும் துண்டுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். நண்பகலில் நீச்சல் குளத்தின் நடுவிலேயே மதுக்கூடம். மார்பளவு நீரில் நின்றபடி அருந்தலாம். மாலையில் இசைக்குழு. சேவகர்களின் பணிவிலும் தூய்மையிலும் ஒரு குறை சொல்வதற்கில்லை. என் இல்லாள் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஐந்து நாள் அடுப்படியை மறந்திருந்தாள். அதற்காகவே நான் மாப்பிள்ளைக்கு நன்றிக்கடன் பட்டவன். ஆனால் மூன்றாம் நாள் மாலை அவளே, "என்னங்க, இந்த ஊர் மனுசங்க எல்லாம் எங்கே இருக்காங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களை வேலிக்கு வெளியே இழுத்துச் சென்றது.

மறுநாள் விடியலில் கரையோரமாக நடந்தேன். பார்படோஸில் கடற்கரை எவருக்கும் தனியுடைமையன்று. கடல்நீர் ஏறி நிற்கும் எல்லை வரையுள்ள கரை அரசுக்குரியது. எந்த விடுதியும் அதில் நடப்பவரைத் தடுக்க இயலாது. ஆகவே கோடீசுவரரின் மாளிகை முன்பாகவும் செருப்பைக் கையில் ஏந்தி நான் உலாவலாம். ஓரிடத்தில் முதியவர்கள் ஐந்தாறு பேர் கழுத்தளவு நீரில் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தனர். நீந்தவில்லை, வெறுமனே நின்றனர். இதற்குக் 'கடல் முழுக்கு' என்று பெயராம். மூட்டுவலி முதல் மனக்கவலை வரை எல்லாவற்றுக்கும் மருந்தென்று இவ்வூரார் நம்புகின்றனர். "காலை வணக்கம்" என்றேன். எல்லோரும் ஒருமித்துப் பதில் வணக்கம் கூறினர். அறைக்குள் நுழைந்தாலும், பேருந்தில் ஏறினாலும், கடையில் பொருள் கேட்குமுன்னும் முதலில் வணக்கம் சொல்லாதவனை இங்கே பண்பற்றவனாகவே கருதுவர். இதனை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்வது நலம்.

அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற வாடகைக்கார் ஓட்டுநர். எதிரேயிருந்த நீண்ட மதிலைக் காட்டி அவர் சொன்னார்: "சட்டப்படி இந்த மணல் எங்களுடையதுதான் ஐயா. ஆனால் மணலுக்கு வரும் வழி எங்களுடையதல்ல. நான் சிறுவனாக இருந்தபோது சாலையில் போகும் பேருந்திலிருந்து கடல் தெரியும். இப்போது சுவர்தான் தெரிகிறது. இன்னும் இரண்டு சந்துகள் அடைபட்டால் என் பேரன் இங்கே குளிக்கப் படகில்தான் வர வேண்டும்." நான் திரும்பி நோக்கினேன். உண்மைதான், மேற்குக் கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடையே வீடுகளும் விடுதிகளும் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. நடுநடுவே விடப்பட்டுள்ள வெற்றிடங்களைக் 'கடல் சன்னல்கள்' என்று இவ்வூரார் அழைக்கின்றனர். அவற்றைக் காக்க வேண்டுமென்று அவர்கள் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றனர். எங்கள் விடுதியின் எல்லையில் ஒரு காவலர் நின்றிருந்தார். அவர் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் முதியவர்கள் அவர் பக்கம் தம் துணிகளை வைக்கவுமில்லை. சட்டம் கூறாத சில எல்லைகளை மனிதர்கள் தாமே அறிந்துகொள்கிறார்கள்.

ஆறாம் நாள் தென்கரைக்குப் பெயர்ந்தோம். ஓர் அம்மையார் நடத்தும் சிறு தங்கும் விடுதி. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. கடல் ஐந்து நிமிட நடை. அங்கிருந்து பேருந்தில் தீவு முழுவதும் சுற்றினோம். எவ்வளவு தூரம் சென்றாலும் கட்டணம் ஒன்றே: மூன்றரை பார்படோஸ் டாலர். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம். 1975 முதல் இந்த விகிதம் மாறவில்லை. அரசுப் பேருந்துகள் நீல நிறம். தனியார் சிறு வண்டிகள் வெண்ணிறம். அவற்றில் ஒருமுறை ஏறினால், பாட்டின் முழக்கமும் ஓட்டுநரின் வேகமும் சேர்ந்து நமது பழைய டில்லி 'ரெட்லைன்' பேருந்துகளை நினைவூட்டும். என் பேரன் மட்டும் அதிலேயே போக வேண்டுமென்று அடம்பிடித்தான்.

கடற்கரை மதுக்கடைகளைப் பற்றிச் சொல்லாமல் இத்தீவைப் பற்றி எழுதுவது முறையாகாது. நான் மது அருந்தாதவன். எனினும் அவற்றுள் பலமுறை அமர்ந்திருக்கிறேன். இவற்றில் இருவகை உண்டு. பிரிட்ஜ்டவுன் நகரையடுத்த கார்லைல் விரிகுடாவில் மணல்மேல் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் போட்டு, கப்பலில் வந்திறங்கும் பயணிகளை எதிர்பார்த்து நடத்தப்படுபவை ஒருவகை. ஆமைகளையும் மூழ்கிய கப்பல்களையும் நீருக்கடியில் காட்டும் படகுகளும் அங்கிருந்தே புறப்படுகின்றன. அதே விரிகுடாவுக்கு விடியலில் சென்றால் வேறொரு காட்சி: பந்தயக் குதிரைகளைக் கடலில் இறக்கி நீந்த விடுகிறார்கள். குடை வாடகையின்றிக் கிடைக்கும் வேடிக்கை அது.

மற்றொரு வகை 'ரம் ஷாப்' எனப்படும் ஊர்க்கடை. சாலை முக்குகளில், கரும்பு வயல் ஓரங்களில், மாதா கோயிலுக்கு எதிரில் என்று எங்கும் காணலாம். மரத்தாலான சிறு வீடு. சாராய நிறுவனம் ஒன்றின் வண்ணங்கள் பூசிய சுவர். உள்ளே ஒரு பலகை மேடை. அதன் பின்னே ரம் புட்டிகளோடு சோப்பும், மத்தி மீன் டப்பாவும், ரொட்டியும் விற்பனைக்கு இருக்கும். முன்னே முதியவர்கள் 'டோமினோ' காய்களை மேசையில் ஓங்கி அறைந்து ஆடுவர். அரசியல், கிரிக்கெட், பக்கத்து வீட்டுச் செய்தி மூன்றும் அங்கே ஒரே தராசில் நிறுக்கப்படும். எங்கள் ஊர்த் தேநீர்க் கடை பெஞ்சு நினைவுக்கு வந்தது. எனக்கு 'மாபி' என்னும் பானத்தைக் கொடுத்தனர். ஒரு மரப்பட்டையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை சேர்த்து ஆற்றியது. முதல் மிடறு இனிப்பு. தொண்டையில் இறங்கும்போது நிலவேம்புக் கஷாயம். இரண்டாம் குவளையை நானே கேட்டு வாங்கினேன்.

அந்தக் கடைகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் இத்தீவின் சரித்திரம் முழுவதும் தெரியும். 1627இல் ஆங்கிலேயர் இங்கே குடியேறினர். 1640களில் கரும்பு வந்தது. கரும்போடு ஆப்பிரிக்க மக்களும் அடிமைகளாகக் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை உடைமையாக நடத்துவதற்கென்றே 1661இல் இங்கு இயற்றப்பட்ட சட்டம் மற்ற ஆங்கிலக் குடியேற்றங்களுக்கு மாதிரியாயிற்று. 1816இல் புஸ்ஸா என்பவர் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டனர். 1834இல் விடுதலை அறிவிக்கப்பட்டு, 1838இல்தான் அது முழுமை பெற்றது. ஆனால் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் இல்லை. எல்லாம் தோட்ட முதலாளிகளின் கையில். தோட்டத்து ஓரத்தில் குடிசை போட்டுக்கொள்ளலாம். முதலாளி போகச் சொன்னால் போக வேண்டும். ஆகையால் கழற்றி வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க மர வீடுகளை அவர்கள் கட்டினர். அடித்தளத்திற்குக் கல்லை அடுக்கி அதன்மேல் பெட்டி போல வைக்கப்பட்ட வீடு. வீடு தன்னுடையது, நிலம் பிறனுடையது. அரசாங்கக் குடியிருப்புகளில் முப்பது ஆண்டு வாழ்ந்து ஓய்வு பெற்ற நாளில் மூட்டை கட்டியவர்களுக்கு இந்த வீட்டின் பொருள் ஓரளவு விளங்கும், முழுதும் விளங்காது. 1980இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாகவே தோட்டக் குடியிருப்பாளர்கள் சதுர அடி பத்து சென்ட் வீதம் தம் காலடி மண்ணை வாங்கும் உரிமை பெற்றனர். கடற்கரைச் சந்து அடைபடுவதைக் கண்டு அந்த முதியவர் கலங்கியதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எனக்குப் பின்னரே புலப்பட்டது.

அடிமை முறை ஒழிந்ததும் டிரினிடாட், கயானா முதலிய இடங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சென்றனர். பிரெஞ்சுத் தீவுகளாகிய மார்ட்டினிக்குக்கும் குவாதலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் பலர் கப்பலேறினர். பார்படோஸுக்கு அவ்விதம் எவரும் கொண்டுவரப்படவில்லை. தீவு சிறிது, தரிசு நிலமே இல்லை, விடுதலை பெற்றவர்கள் அதே தோட்டத்தில் உழைப்பதன்றி வேறு வழியில்லை. ஆதலால் முதலாளிகளுக்குப் புதிய கூலிகள் தேவைப்படவில்லை. மாரியம்மன் கோயிலைத் தேடி இத்தீவுக்கு வருபவர் ஏமாற்றம் அடைவர்.

ரம் என்பது கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரும்பாகைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துவது. இங்குள்ள 'மவுண்ட் கே' ஆலையின் பத்திரம் 1703ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் கரும்பு விளைச்சல் குன்றிவிட்டது. இன்று காய்ச்சுவதற்கு வேண்டிய பாகில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. தீவுக்குச் சோறு போடுவது இப்போது விருந்தினரே. விருந்தினர் உண்ணும் உணவிலும் பெரும்பகுதி கப்பலில் வருவதே. விடுதியில் நாங்கள் உண்ட ஆப்பிளும் வெண்ணெயும் எங்களைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவைதாம்.

உணவைப் பற்றி இல்லத்தரசிகள் கேட்பார்கள். இத்தீவின் தேசிய உணவு, கூ-கூ என்னும் சோளமாவுக் களியும் பறவை மீனும். களியில் வெண்டைக்காயை வேகவைத்துச் சேர்த்து, தட்டையான மரத்துடுப்பால் கட்டி விழாமல் கிண்டுகிறார்கள். தங்கும் விடுதி அம்மையார் கிண்டியதைப் பார்த்து என் இல்லாள், "இது நம்ம ஊர்க் களிதான், துடுப்புகூட அதேதான்" என்று கரண்டியை வாங்கித் தானே கிண்டத் தொடங்கிவிட்டாள். பறவை மீன் என்பது நாகப்பட்டினம் கரையில் நாம் கோலா என்று அழைக்கும் இனம். நம் மீனவர் தழைக்கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டுக் கோலாவை ஈர்ப்பது போலவே இவர்களும் தென்னோலைக் கட்டுகளை மிதக்க விடுகின்றனர். ஒரு டாலர் நாணயத்தில் அந்த மீனே பொறிக்கப்பட்டுள்ளது. அது இப்போது அருகிவிட்டது. டொபேகோவை அடுத்த கடலில் இவர்கள் மீன் பிடிப்பது பற்றிய வழக்கு சர்வதேச நடுவர் மன்றம் வரை சென்று 2006இல் தீர்ப்பாயிற்று. புலால் உண்ணாதோர் அஞ்ச வேண்டியதில்லை. துவரை சேர்த்த சோறு, சீமைப்பலா, வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும். கடைசியாகச் சொன்னது டிரினிடாட்டின் இந்திய வம்சாவளியினர் வழியாக வந்தது. புளி உருண்டைகளைச் சர்க்கரையில் புரட்டிச் சாலையோரத்தில் விற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை இரவில் ஆயிஸ்டின்ஸ் என்னும் மீன்பிடித் துறையில் கூடும் கூட்டத்தை அனைவரும் காண வேண்டும். வரிசையாகக் கடைகள், தணல்மேல் மீன், ஒருபுறம் நடனம், மறுபுறம் டோமினோ. விடுதி விருந்தினரும் ஊராரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்ணும் இடம் இது ஒன்றே என்று சொல்லலாம். விலைப்பட்டியலில் 'டால்ஃபின்' என்று கண்டு பேரன் கண்ணீர் விட்டான். அது மகி-மகி என்னும் வேறொரு மீனுக்கு இவ்வூர்ப் பெயர் என்று விளங்க வைக்கக் கால்மணி நேரமாயிற்று.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் குறுகிய காலம் தங்க முன்கூட்டி விசா பெற வேண்டியதில்லை. ஆனால் வழியிலுள்ள நாடுகள் கேட்கும் அனுமதியை விசாரித்துக்கொள்க. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இனிய பருவம். அறை வாடகையும் அப்போதே உச்சம். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். கிழக்குக் கரையில் பாத்ஷீபா என்னும் இடத்தில் அட்லாண்டிக் அலை பாறையில் மோதுவதைக் காணுங்கள்; அங்கே குளிக்க இறங்காதீர்கள். 2011 முதல் சில மாதங்களில் 'சர்காசம்' என்னும் கடற்பாசி கிழக்கு, தெற்குக் கரைகளில் மலைபோல் ஒதுங்கி நாறுகிறது. கடற்கரையில் சிவப்பு அடையாளம் இட்ட மரத்தின் கீழ் மழைக்கு ஒதுங்க வேண்டாம். 'மாஞ்சினீல்' என்னும் அம்மரத்தின் பால் பட்டாலே தோல் கொப்புளிக்கும், கனியோ நஞ்சு. இராணுவ வண்ணத் துணிகளைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். பேரனின் கால்சட்டை ஒன்று பதினொரு நாளும் பெட்டியிலேயே கிடந்தது. செலவைப் பொறுத்தவரை, உயர்தர விடுதியில் இரண்டு இரவு போதும் என்பது என் கருத்து. மூன்றாம் நாள் சுகம் பழகிவிடுகிறது. செலவு மட்டும் பழகுவதில்லை. மாப்பிள்ளை இதனை ஒப்புக்கொள்ளவில்லை.

பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தைக் காணாமல் திரும்ப மனமில்லை. 1962 மார்ச்சில் பார்படோஸ் அணியுடன் ஆடிய ஆட்டத்தில், சார்லி கிரிஃபித் வீசிய பந்து நமது தலைவர் நாரி கண்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. அவருக்கு இரத்தம் கொடுத்தவர்களுள் மேற்கிந்தியத் தீவுகள் அணித் தலைவர் ஃபிராங்க் வொரல் ஒருவர். அதே மைதானத்தில் 2024 ஜூன் 29ஆம் நாள் தென்னாப்பிரிக்காவை 7 ஓட்டங்களில் வென்று இந்தியா உலகக் கோப்பையைப் பெற்றது. வென்றவர்கள் ஊர் திரும்ப இயலாமல் 'பெரில்' என்னும் புயல் அவர்களை விடுதியிலேயே சிறை வைத்தது. புயலின் கண் தெற்கே விலகிச் சென்றும் கடல் சீறி மீன்பிடி படகுகளைப் பெரிதும் நொறுக்கிற்று. கோப்பையின் படத்தை நாம் பார்த்தோம். படகுகளின் படத்தைப் பார்த்தவர் நம்மில் சிலரே.

கடைசி நாள் மாலை, மைதானத்திலிருந்து திரும்பும் வழியில் ஒரு ரம் கடையில் பேருந்துக்காகக் காத்திருந்தோம். எந்த ஊர் என்று வினவினார், எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். சென்னை, பழைய பெயர் மெட்ராஸ் என்றேன். அவர் கையிலிருந்த டோமினோ காயை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மெட்ராஸா? வீக்ஸ் அங்கே அவுட் இல்லை" என்றார்.

"என் தந்தையார் அங்கே இருந்தார். அவுட்தான்" என்றேன்.

கடை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்த பேருந்தும் அதற்கடுத்த பேருந்தும் போயின. மூன்றாவது பேருந்து வந்தபோது நான் குடித்த மாபிக்குப் பணம் எடுத்தேன். வாங்க மறுத்த கடைக்கார அம்மையார், வழக்கு முடியவில்லை, மறுமுறை வரும்போது கொடுங்கள் என்றார்.